கெய்சரும் 500 யூனிட்டும்

கேள்வி: ஏற்காட்டில் இருக்கிறோம். ஏசி கிடையாது, ஃபேன் கூட அதிகம் போடுவதில்லை. ஆனாலும் இரண்டு மாதத்துக்கு 540 யூனிட் வந்திருக்கிறது. கீழே சேலத்தில் ஏசி போட்டுத் தூங்கும் அக்கா வீட்டிலேயே 480தான். எங்கள் மீட்டரில் கோளாறா?
- வாசகி, ஏற்காடு

பதில்: மீட்டரைச் சந்தேகப்படும் முன் ஒரு வாரம் அதைப் படித்துப் பாருங்கள். திரையில் எண்கள் மாறி மாறி வரும், அதில் கேடபிள்யூஹெச் (kWh, அதாவது யூனிட்) என்று ஓரத்தில் காட்டும் எண்ணை மட்டும் தினமும் ராத்திரி சாப்பிட்டதும் காலண்டரில் குறித்து, முந்தின நாள் எண்ணைக் கழித்தால் அன்றைய செலவு. நாளைக்கு 8 யூனிட் என்றால் 60 நாளில் 480. அதற்குள் நிற்பது முக்கியம், ஏனென்றால் 500ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைத்த சலுகை போய்விடும், முதல் 100 யூனிட் மட்டும்தான் இலவசம்.

எனக்குச் சந்தேகம் கெய்சர் மேல்தான். 25 லிட்டர் தண்ணீரை 60 டிகிரிக்குச் சூடாக்க, தொட்டியில் 28 டிகிரி இருந்தால் ஒரு யூனிட்டுக்கும் சற்றுக் குறைவாகப் போதும், உங்கள் ஊர்க் குளிரில் 15 டிகிரி இருந்தால் 1.3 யூனிட் ஆகும். நான்கு பேர் தனித்தனியாகக் குளித்தால் அதுவே நாளைக்கு 5 யூனிட்! இதில் சுவிட்சை அணைக்க மறந்து நாள் முழுக்க விட்டால், யாரும் குளிக்காவிட்டாலும் ஆறுவதும் சூடாவதுமாகக் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மீட்டரில் ஒரு சிவப்பு லைட் விட்டு விட்டு எரியும். பெரும்பாலும் ஒரு யூனிட்டுக்கு 3200 தடவை, உங்கள் மீட்டர் மேலேயே அச்சிட்டிருக்கும். ஃபிரிட்ஜ் மட்டும் ஓடினால் நிமிடத்துக்கு ஐந்தாறு தடவை, 2000 வாட் கெய்சரைப் போட்டதும் நூறைத் தாண்டிவிடும், எண்ணவே முடியாது.

அப்புறம் மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். லைட் அணைந்தோ அசையாமல் எரிந்தோ நின்றால் சரி. அப்போதும் சிமிட்டினால் மெயினுக்கு முன்னாலேயே கரண்ட் எங்கோ போகிறது, நீங்கள் கை வைக்காமல் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அவர் பார்த்தும் கணக்கு ஒத்துவராவிட்டால், கட்டணம் கட்டி மீட்டரைச் சோதிக்கச் சொல்லி ஈபி அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். கெய்சரே போடாத ஒரு நாளும் இருக்கும்படி அந்த ஒரு வாரக் குறிப்பைக் கையில் கொண்டுபோங்கள்.