வளரும் நாட்டு முதலாளிகள் ஏகாதிபத்தியத்துக்குத் தரகர்களா, எதிரிகளா?

ஒரே ஆள் தன் வாழ்நாளிலேயே இரண்டுமாக இருந்திருக்கிறார். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சீனாவின் டாங் ஜிங்சிங் 1863 முதல் பத்து வருடம் ஷாங்காயில் ஜார்டின் மாத்தீசன் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்துக்குத் தரகர். உள்ளூர் வியாபாரிகளிடம் சரக்கு பிடிப்பார், கடனுக்கு ஜாமீன் நிற்பார். இடதுசாரிகள் சொல்லும் 'தரகு முதலாளி' என்ற பெயரே இந்தத் தொழிலிலிருந்து வந்ததுதான். அதே டாங் 1873-இல், வெளிநாட்டுக் கப்பல்களோடு போட்டியிடப் பிறந்த சீன நீராவிக் கப்பல் நிறுவனத்துக்கு நிர்வாகியானார். 1877-இல் அது ஓர் அமெரிக்கப் போட்டியாளரின் கப்பல்களை மொத்தமாக வாங்கியது. தரகு வேலையில் கற்ற தொழில்தான் அவருக்கு அங்கே கைகொடுத்தது. ஆனால் அவர் கட்டி எழுப்பிய கைப்பிங் நிலக்கரிச் சுரங்கம், அவர் இறந்து பத்து வருடத்துக்குள் பிரிட்டிஷ் கைக்குப் போய்விட்டது.

அதனால் முதலாளியின் மனசைத் தேடுவதைவிட, தொழில்நுட்பமும் கடனும் சந்தையும் யார் கையில் என்று பார்ப்பது நல்லது. நான் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் கணக்குப் பிரிவில் இருந்தபோது, ஒரு வெளிநாட்டு நிறுவனத்தோடு போட்ட தொழில்நுட்ப ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிக்க வேண்டி வந்தது. விற்பனையில் இத்தனை சதவீதம் ராயல்டி. முக்கியப் பாகங்களை அவர்களிடமே வாங்க வேண்டும். அவர்கள் குறித்துக் கொடுத்த நாடுகளுக்கு ஏற்றுமதி கூடாது. நாமாக எதையாவது மேம்படுத்தினால் அதையும் சும்மா கொடுத்துவிட வேண்டும். இத்தனைக்கும் பங்கில் ஒரு பைசா வெளிநாட்டுப் பணம் இல்லை. முதலாளிக்கு அதில் கோபம் இருந்தது உண்மை, கையெழுத்துப் போட்டதும் உண்மை. அவர்கள் தரும் தயாரிப்பு வரைபடங்கள் இல்லாமல் அவரால் சந்தையில் நிற்க முடியாது.

பெருமுதலாளிகளின் கதை கொஞ்சம் வேறு. 1944-இல் டாடா, பிர்லா போன்றவர்கள் சேர்ந்து போட்ட பம்பாய்த் திட்டம், பொருளாதாரத்தில் அரசுக்குப் பெரிய பங்கு வேண்டும் என்றது. 1991-இல் வெளிநாட்டு முதலீட்டுக்கும் இறக்குமதிக்கும் கதவு திறந்தபோது இந்தியப் பெருமுதலாளிகளில் பலர் வரவேற்றார்கள். 1993-இல் 'பம்பாய் கிளப்' என்று பெயர் வாங்கிய தொழிலதிபர்கள், வெளிநாட்டு நிறுவனங்களோடு மோதச் சமமான களம் வேண்டும் என்று கேட்டார்கள். பலம் கூடும்போது ஒரு பேச்சு, பயம் வரும்போது இன்னொரு பேச்சு.

இந்த விவாதம் பழையது. 1920-இல், பல நாட்டுக் கம்யூனிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பான கம்யூனிஸ்ட் அகிலத்தின் இரண்டாவது மாநாட்டில், லெனினும் இந்தியப் புரட்சியாளர் எம்.என். ராயும் இதில் முரண்பட்டார்கள். காலனி நாட்டு விடுதலை இயக்கங்களோடு, முதலாளிகள் தலைமையில் இருந்தாலும், கூட்டுச் சேரலாம் என்பது லெனின் பக்கம். அந்த முதலாளிகளை நம்ப முடியாது என்பது ராய் பக்கம். ராயின் சந்தேகத்தில் எனக்குப் பெரிய நியாயம் தெரிகிறது. அந்நியனோடு பேரம் பேச முதலாளிக்கு மக்கள் கூட்டம் வேண்டும். அதே கூட்டம் கூலியும் நிலமும் கேட்டுத் திரும்பினால், அந்நியனோடு சமரசம் செய்துகொள்வதே அவருக்குப் பாதுகாப்பாகத் தெரியும்.

அதற்காக எல்லோருக்கும் 'தரகு' என்று முத்திரை குத்துவதை நான் ஏற்கவில்லை. அப்படிச் செய்தால், இறக்குமதியில் நசுங்கும் சிறு உற்பத்தியாளரையும் வெளிநாட்டு நிதி நிறுவனத்தோடு கூட்டுப் போடும் பெருங்குழுமத்தையும் ஒரே தட்டில் வைத்துவிடுவோம். இறக்குமதி வரி விஷயத்தில் அந்தச் சிறு உற்பத்தியாளரோடு தொழிற்சங்கம் தோளோடு தோள் நிற்கலாம். அப்புறம் கூலிப் பேச்சுவார்த்தை வரும்போது, அவர் மேசைக்கு எதிர்ப்பக்கம்தான் உட்கார்ந்திருப்பார்.