அரண்மனைக் கெம்பு ப்ரூச்

கேள்வி: பர்மாவின் கடைசி மன்னர் திபாவின் அரண்மனையிலிருந்து வந்ததாம், பூ வடிவக் கெம்பு ப்ரூச் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. நம்பலாமா?
– வாசகி, யாங்கோன்

பதில்: திபாவின் மாண்டலே அரண்மனை 1885-இல் பிரிட்டிஷார் கைக்குப் போனது. பொடியைச் சுடரில் உருக்கிச் செய்யும் வெர்னாய் முறைச் செயற்கைக் கெம்பு வெளிவந்தது 1902-இல்தான். ஆகவே அந்தச் செயற்கைக் கல் அரண்மனைக் காலத்தது ஆகாது. 10 மடங்கு லென்ஸில் கல்லுக்குள் வளைந்த கோடுகள் தெரிந்தால் அது செயற்கை. ஒரு கல்லை மட்டும் பின்னாளில் மாற்றியிருக்கலாம், ஆகவே எல்லா இதழ்களையும் பாருங்கள். பர்மாவின் மோகோக் சுரங்கப் பகுதியிலிருந்து வரும் இயற்கைக் கல்லில் பெரும்பாலும் பட்டிழைபோல நுண் ஊசிகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். புற ஊதா விளக்கில் சிவப்பாக ஒளிர்கிறதே என்று காட்டுவார்கள். செயற்கையும் அப்படித்தான் ஒளிரும்! குளோஸ் செட்டிங் (கல்லின் பின்பக்கத்தை மூடிப் பதித்தது) என்றால் தண்ணீரில் போடாதீர்கள், அடியில் வைத்த தகடு கறுத்துவிடும். கல் அசலாகவே இருந்தாலும், அரச உரிமைக்குக் காகிதம் இல்லாவிட்டால் கல்லுக்கும் தங்கத்துக்கும் மட்டுமே விலை பேசுங்கள்.