பூச்சிக்குத் தப்பிய உருளைச் செடியை விதைக்கு வைக்கலாமா?

கேள்வி: மலேசியாவின் கேமரன் மலையில் உள்ள ரிங்லெட்டில் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிக் குடியிருக்கிறோம். கடையில் வாங்கிய உருளைக்கிழங்கு முளைவிட்டதும் வீட்டுக்குப் பின்னால் நட்டோம். எல்லாச் செடியிலும் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி மொய்த்தது, ஒரு செடி மட்டும் தப்பியது. அதன் கிழங்கை விதைக்கு வைத்தால் பூச்சியைத் தாங்கும் செடிகள் கிடைக்குமா?

பதில்: கத்திரி, மிளகாய் என்றால் ஆமாம் என்றிருப்பேன். உருளையில் நாம் நடுவது விதை அல்ல, மண்ணுக்குள் பருத்த தண்டு. அதிலிருந்து வருவது அதே தாய்ச்செடிதான். நீங்கள் நட்டது எல்லாம் ஒரே ரகம் என்றால், தப்பிய செடிக்குப் பிறவியில் தனிக்குணம் எதுவும் இல்லை. அங்கே அசுவினியைத் தின்னும் பொறிவண்டு வந்திருக்கலாம், உரம் குறைவாக விழுந்திருக்கலாம். தழைச்சத்து கூடினால் அசுவினியும் பெருகும்.

கடையில் இரண்டு ரகம் கலந்திருந்தால் விஷயம் வேறு. தோலின் நிறம், பூ இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வேறாகத் தெரிந்தால் அந்தக் கிழங்கை மற்றதோடு மாற்றி மாற்றி நடுங்கள். மறுபடியும் அதுவே தப்பினால் நம்பலாம். ஆனால் இலை சுருண்ட செடியின் கிழங்கை எடுக்காதீர்கள். அசுவினி பரப்பும் இலைச்சுருள் வைரஸ் கிழங்கு வழியாகவே அடுத்த நடவுக்கும் போய்விடும்.

பிறவியிலேயே பூச்சியைத் தாங்கும் உருளை வேண்டுமானால் பூவில் மகரந்தம் சேர்த்து, பச்சைத் தக்காளி போன்ற அதன் காயிலிருந்து விதை எடுக்க வேண்டும். பொலிவியாவில் சொலானம் பெர்தால்டி என்றொரு காட்டு உருளை இருக்கிறது. அதன் இலை நிறையச் சுரப்பி முடிகள். ஒருவகை முடியின் நுனியில் எப்போதும் பசை இருக்கும். அதில் ஒட்டிய அசுவினி உதறும்போது இன்னொரு வகை முடியின் தலை உடைந்து சாறு வடியும். அந்தச் சாறு காற்றுப்பட்டுப் பழுப்பாகி இறுகி, பூச்சியின் காலையும் வாயையும் கட்டிப்போட்டுவிடும். மருந்தே இல்லாமல் இலையே செய்யும் வேலை இது! அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பிளேஸ்டட், டிங்கி ஆகியோர் இந்த முடியைச் சாப்பாட்டு உருளைக்குக் கொண்டுவரப் பல ஆண்டுகள் உழைத்தார்கள். முடி வந்தது. கூடவே தாமதமாக விளைவது, மகசூல் குறைவது என்ற காட்டுக் குணங்களும் வந்தன. அவற்றைக் கழிக்க நல்ல ரகத்தோடு திரும்பத் திரும்பக் கலப்பு செய்ய வேண்டியிருந்தது.

ஒன்றை மட்டும் கட்டாயம் மனதில் வையுங்கள். உருளைச் செடி பூச்சியை விரட்ட வைத்திருக்கும் கிளைக்கோ ஆல்கலாய்டு என்ற கசப்புப் பொருள் நமக்கும் நஞ்சு. சொலானம் சாக்கோயென்ஸ் என்ற காட்டு உருளையின் வழியில் உருவாகி 1967-இல் வெளிவந்த லெனாப்பி ரகம், சிப்ஸுக்கு அருமையாக இருந்தும், இந்த நஞ்சு அதிகமானதால் 1970-இல் திரும்பப் பெறப்பட்டது. 100 கிராம் கிழங்கில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது பொது அளவு. எனவே காயின் விதையிலிருந்து வளர்த்த கிழங்கு கசந்தால் உடனே கொட்டிவிடுங்கள். காயும் நஞ்சுதான், பிள்ளைகள் கையில் எட்டவிடாதீர்கள்.

சரி, இப்போதைக்கு என்ன செய்வது? தழைச்சத்து தரும் யூரியாவைக் குறையுங்கள். இலையின் அடிப்பக்கம் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். பொறிவண்டு வாழ வேண்டும், அதனால் மருந்து அடிக்க அவசரப்படாதீர்கள். தேர்ந்தெடுத்து விதை எடுக்கும் ஆசையைக் கத்திரியில் தொடங்குங்கள். அது பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பதால் நல்ல செடியின் குணம் விதையிலும் தொடரும். இரண்டு ரகத்தைக் கலந்து உருவாக்கிய ஹைப்ரிட் விதை மட்டும் இதற்கு உதவாது.