எதிரி நாடுகள் விண்வெளியில் உண்மையாகவே சேர்ந்து வேலை செய்ய முடியுமா?

முடியும். 1975 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் அப்பல்லோ விண்கலமும் சோவியத்தின் சோயுஸ் விண்கலமும் விண்ணில் இணைந்தன. பனிப்போர் இன்னும் முடியாத காலம் அது.

எனக்கு மிகவும் பிடித்தது அந்த இணைப்புக் கருவிதான். அதுவரை ஒரு கலத்தின் இணைப்பு முனை நுழையும், மற்ற கலம் அதை ஏற்கும். இதில் இரு பக்கமும் ஒரே அமைப்பு. எந்தக் கலமும் முன்னின்று இணைக்கலாம். ஆபத்தில் சிக்கிய கலத்தை அடுத்த நாடு போய் மீட்க முடிய வேண்டும் என்பதே நோக்கம். சமத்துவத்தை ஒப்பந்தத்தில் எழுதியதோடு விடாமல் இரும்பிலேயே வடித்துவிட்டார்கள்!

அப்புறம் மொழி. அமெரிக்கர்கள் ரஷ்ய மொழியிலும் சோவியத் வீரர்கள் ஆங்கிலத்திலும் பேசினார்கள். கேட்பவருக்குப் புரிய வேண்டுமே.

2010இல் வெளியான, விண்கல இணைப்புக் கருவிகளுக்கான சர்வதேசத் தரமும் இரு பக்கமும் ஒரே அமைப்பு என்ற இதே வடிவம்தான். எந்த நாடும் அதன்படி கலம் கட்டலாம். நிலவுக்குப் போகும் எல்லாக் கலங்களுக்கும் இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பேன்.