சுரண்டிப் பார்த்துவிட்டார்கள்

கேள்வி: கால்சியம் வந்தால் தசை சுருங்கும், போனால் தளரும் என்றுதான் பள்ளியில் படித்தோம். இப்போது புரதத்தில் பாஸ்பேட் ஒட்டியது, மெத்தில் ஒட்டியது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறீர்களே, அதெல்லாம் வெறும் மேல்பூச்சுதானே?

பதில்: மேல்பூச்சு என்றால் அதைச் சுரண்டினாலும் சுவர் நிற்க வேண்டும், இல்லையா? சுரண்டிப் பார்த்துவிட்டார்கள். தசை இழைகளில் உள்ள ஆக்டின் புரதத்தின் 73-ஆவது இடத்தில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. அதன்மேல் ஒரே ஒரு மெத்தில்: ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், அவ்வளவுதான். அதை ஒட்டுகிற நொதி இல்லாத எலிகளை வளர்த்தார்கள். பெண் எலிகள் கருவுற்றன. பிரசவ நேரத்தில்தான் வினை. கருப்பைத் தசை சரியாகச் சுருங்காமல் குட்டி ஈன முடியாமல் தவித்தன. ஆக்டின் இருந்தது, அதை இழுக்கும் மயோசின் புரதமும் இருந்தது. இல்லாமல் போனது நீங்கள் பூச்சு என்கிற அந்த மெத்தில்தான்.

உங்கள் பள்ளிப் பாடம் கை கால் தசைக்குப் பொருந்தும். அங்கே கால்சியம் டிரோபோனின் என்ற புரதத்தைப் பிடித்தால் வேலை தொடங்கிவிடும். ரத்தக்குழாய், குடல், கருப்பை ஆகியவற்றின் மென்தசையில் அந்த டிரோபோனின் ஏற்பாடே கிடையாது. கால்சியம் கால்மோடுலின் என்ற புரதத்தோடு சேர்ந்து ஒரு நொதியை எழுப்புகிறது. அந்த நொதி மயோசினின் சிறு சங்கிலியில் 19-ஆவது இடத்திலுள்ள செரின் என்ற அமினோ அமிலத்தில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது. அப்புறம்தான் மயோசின் இழுக்கத் தொடங்கும். சரி, எப்படித் தளர்வது? கால்சியம் போனால் மட்டும் போதாது. ஒட்டியதைப் பிய்க்க இன்னொரு நொதி வரவேண்டும். ரோ-கைனேஸ் என்று வேறொரு நொதி அந்தப் பிய்க்கும் நொதியின் கையைக் கட்டிப்போட்டுவிட்டால், கால்சியம் கூடாமலே குழாய் இறுகி நிற்கும். இந்த ரோ-கைனேஸைத் தடுக்கும் ஃபாசுடில் என்ற மருந்து, மூளையில் ரத்தக்கசிவுக்குப் பின் குழாய்கள் இறுகுவதற்காக 1995 முதல் ஜப்பானில் பயன்படுகிறது. பூச்சுக்கு யாராவது மருந்து செய்வார்களா?

பாஸ்பேட் என்றாலே இறுக்கம் என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். அட்ரினலின் பாயும்போது இதயத்தசையின் டிரோபோனின்-ஐ புரதத்தில் 23, 24 ஆகிய இரண்டு செரின்களில் பாஸ்பேட் ஏறுகிறது. விளைவு நேர் எதிர்: கால்சியத்தின் மீதான பிடி தளர்ந்து தசை சட்டென்று விரிகிறது. வேகமாகத் துடிக்கும் இதயத்துக்கு நிரம்ப நேரம் வேண்டாமா? எது ஒட்டியது என்று மட்டும் கேட்டால் பாதிக் கேள்விதான். எந்த இடத்தில் என்றும் கேட்க வேண்டும்.

“இப்போது” ஏன் என்கிறீர்கள். பாஸ்பேட் கதை பழையது. முயல் தசை நொதி ஒன்றில் 1950களில் அதைக் கண்ட ஃபிஷருக்கும் கிரெப்ஸுக்கும் 1992-இல் நோபலே வந்துவிட்டது. மற்றவற்றில்தான் தாமதம். ஆக்டினின் மெத்தில் 1960களிலேயே தெரியும். ஒட்டும் நொதி பிடிபட்டது 2018-19 வாக்கில். செல்லின் உள்சட்டகமான நுண்குழல்களிலும் இதே கதை. அவற்றின் ஆல்பா-டியூபுலின் என்ற புரதத்தின் வாலில் கடைசியாக இருக்கும் டைரோசின் என்ற அமினோ அமிலத்தை ஒரு நொதி வெட்டும், இன்னொன்று திரும்ப ஒட்டும். வெட்டு 1970களில் தெரிந்தது. வெட்டுகிற கத்தரியான வாசோஹிபின் 2017-இல்தான் அகப்பட்டது.

அந்த வெட்டு இதயத்தில் என்ன செய்கிறது தெரியுமா? டைரோசின் போன நுண்குழல் தசைச் செல்லின் சட்டகத்தில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு துடிப்பிலும் வில்லாக வளைந்து, சுருக்கத்தை எதிர்த்து நிற்கிறது. செயலிழந்துவரும் மனித இதயங்களில் இந்த டைரோசின் போன குழல்கள் அதிகம். அந்த இதயங்களிலிருந்து எடுத்த செல்களில் டைரோசினை மீண்டும் ஒட்ட வைத்தபோது, அவை முன்பைவிட நன்றாகச் சுருங்கின. நோயாளிக்கு இது மருந்தாக வர இன்னும் தூரம் இருக்கிறது; இதே குழல்கள் நரம்புச் செல்லிலும் ஓடுவதால், இதயத்தில் மட்டும் கை வைப்பது லேசான காரியமில்லை.