மகளின் லண்டன் படிப்புக்கு வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கலாமா?

கேள்வி: என் மகள் பி.ஏ. பொருளாதாரம் முடித்திருக்கிறாள். சர்வதேசப் பொருளாதார உறவுகளும் ராஜதந்திரமும் படித்துப் பேராசிரியராக வேண்டும் என்கிறாள். லண்டனில் ஓராண்டு முதுகலைக்கு இடம் கிடைத்திருக்கிறது. மொத்தச் செலவு 30 லட்சம். நான் இரண்டு வருடத்தில் ஓய்வு பெறுகிறேன். வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கல்விக் கடன் வாங்கலாமா? - வாசகர், தென்காசி

பதில்: வேண்டாம் ஐயா, பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். மகளின் ஆசை நல்ல ஆசை, அதை விடச் சொல்லவில்லை. பணம் போகும் இடம்தான் தவறு.

கணக்கைப் பாருங்கள். 30 லட்சம், 10.5% வட்டி என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் ஓராண்டும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஏறும். இரண்டு வருடத்தில் கடன் 36.3 லட்சம் ஆகிவிடும். அதைப் பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 49,000 ரூபாய். அந்த நேரத்தில் அவள் இங்கே பிஎச்.டி. செய்துகொண்டிருப்பாள். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தாலும், அது முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, அப்புறம் 42,000. தவணைக்கே போதாது. உதவிப் பேராசிரியர் வேலையில் தொடக்க அடிப்படைச் சம்பளமே 57,700தான், அதுவும் பல வருடம் கழித்து. மீதியை உங்கள் ஓய்வுப் பணத்திலிருந்துதான் கட்ட வேண்டியிருக்கும்.

இந்தத் துறையில் சேர வேறு வழி இருக்கிறது. டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் (ஜே.என்.யூ.) உலகப் பொருளாதாரத்தைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட எம்.ஏ. பொருளாதாரம் உண்டு, க்யூட் பி.ஜி. என்ற பொது நுழைவுத் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுக்க வேண்டும், கட்டணம் மிகக் குறைவு. விடுதி, சாப்பாடு, ரயில் செலவை நீங்கள் மாதச் சம்பளத்திலேயே சமாளித்துவிடலாம். படிக்கும்போதே நெட்டுக்குத் தயாராகட்டும். ஜே.ஆர்.எஃப். எளிதில் கிடைப்பதில்லை, ஆனால் வருடத்துக்கு இரண்டு முறை எழுதலாம்.

வெளிநாடு போகத்தான் வேண்டுமென்றால் பிஎச்.டி.க்குப் போகட்டும். நெதர்லாந்து, ஸ்வீடன், நார்வேயில் பெரும்பாலும் ஆய்வு மாணவரைப் பல்கலைக்கழக ஊழியராகவே சேர்த்துச் சம்பளம் கொடுக்கிறார்கள். லண்டன்தான் என்று பிடிவாதமாக இருந்தால், இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். கல்விக் கட்டணமும் தங்கும் செலவும் அதிலேயே வரும்.

லண்டனுக்கு முன்பணம் கட்டிவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கட்டவில்லையென்றால் கட்டாதீர்கள். கட்டியிருந்தால், திரும்பக் கிடைக்குமா, எந்தத் தேதிக்குள் கேட்க வேண்டும் என்று சேர்க்கைக் கடிதத்தில் இன்றே பாருங்கள்.