இன்சுலினை பாக்டீரியாவே செய்து தருகிறது. அப்படியிருக்க, மருந்தாக வேண்டிய மற்ற மனிதப் புரதங்களுக்கு ஏன் ஹாம்ஸ்டர் என்ற எலி போன்ற பிராணியின் செல்லைத் தேடிப் போகிறார்கள்? மனித மரபணுவைப் போட்டால் அந்தச் செல் மனித செல்லாக மாறிவிடாதா?

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: அமினோ அமிலங்கள் எந்த வரிசையில் வர வேண்டும் என்பதை மரபணு சொல்லிவிடும். வந்த சங்கிலியை மடிப்பது, தேவையான இடத்தில் வெட்டுவது, சர்க்கரை ஒட்டுவது எல்லாம் செல்லின் பொறுப்பு. பாக்டீரியாவிடம் அந்த வேலைகளுக்கான சாமான்கள் பெரும்பாலும் கிடையாது.

இன்சுலின் அதிர்ஷ்டக்காரப் புரதம். மொத்தமே 51 அமினோ அமிலங்கள், இரண்டு சின்னச் சங்கிலிகள், சர்க்கரை எதுவும் இல்லை. 1978 இல் இரண்டு சங்கிலிகளையும் ஈ.கோலை என்ற பாக்டீரியாவில் தனித்தனியாகச் செய்து, பிறகு வெளியே சேர்த்தார்கள். 1982 இல் அது அமெரிக்காவில் மருந்தாகவே அனுமதி பெற்றது.

எரித்ரோபொய்டின் அப்படி இல்லை. சிறுநீரகத்தில் சுரந்து, எலும்பு மஜ்ஜையில் ரத்தச் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டுகிற ஹார்மோன் இது. 165 அமினோ அமிலங்கள்தான், ஆனால் மேலே நான்கு சர்க்கரைச் சங்கிலிகள் தொங்கும். எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் சர்க்கரையே. அந்தச் சங்கிலிகளின் நுனியில் சயாலிக் அமிலம் என்ற ஒரு வகைச் சர்க்கரை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கல்லீரல் அதைப் பிடித்து ரத்தத்திலிருந்து சீக்கிரமே அகற்றிவிடும். ஈ.கோலையில் செய்தால் அமினோ அமில வரிசை அச்சு அசலாக இருக்கும். உடம்பில் போட்டால் நிற்காது. அதனால்தான் 1989 இல் அனுமதி பெற்ற எரித்ரோபொய்டின் மருந்து ஹாம்ஸ்டர் செல்லிலிருந்து வந்தது.

‘குளோன் செய்த மனித மரபணு’ என்றதும் பலர் குரோமோசோமிலிருந்து அப்படியே வெட்டி எடுத்த துண்டை நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. ரத்தம் உறையாத ஹீமோஃபீலியா நோயாளிகளுக்குத் தேவைப்படும் ஃபேக்டர் 8 என்ற புரதத்தின் மரபணு, குரோமோசோமில் சுமார் 1,86,000 டிஎன்ஏ எழுத்து நீளம். புரதத்துக்கு வேண்டியது அதில் சுமார் 7,000 எழுத்துதான், மிச்சமெல்லாம் பெரும்பாலும் இன்ட்ரான், அதாவது புரதத்துக்கான செய்தி இல்லாத இடைத்துண்டு. செல்லே இன்ட்ரானை நீக்கித் தயாரித்த எம்ஆர்என்ஏவை (புரதம் செய்ய உதவும் நகல்) எடுத்து, அதை மறுபடியும் டிஎன்ஏவாக மாற்றுவார்கள். அதுதான் சிடிஎன்ஏ. பிளாஸ்மிட் என்ற சின்ன வட்ட டிஎன்ஏவில் வைத்துச் செல்லுக்குள் அனுப்புவது இதைத்தான்.

பிளாஸ்மிடில் சிடிஎன்ஏவுக்கு முன்னால் ‘இங்கே படிக்கத் தொடங்கு’ என்று சொல்லும் வலுவான ஒரு புரோமோட்டர் இருக்கும், பெரும்பாலும் சைட்டோமெகலோ வைரஸிலிருந்து எடுத்தது. பின்னால் எம்ஆர்என்ஏ முடியும் இடத்தைக் காட்டும் பாலி-ஏ சிக்னல். சோதித்துப் பார்க்க மட்டும் என்றால் ஹெக் 293 என்ற மனித செல் வரிசை போதும். இரண்டு மூன்று நாளில் புரதம் வந்துவிடும். (293 என்பது ஃபிராங்க் கிரஹாம் செய்த சோதனையின் வரிசை எண். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது.) மருந்து அளவுக்கு வேண்டும் என்றால் மரபணு செல்லின் குரோமோசோமிலேயே நிரந்தரமாக உட்கார வேண்டும். அதற்கு 1957 இல் தியோடர் பக் உருவாக்கிய சீன ஹாம்ஸ்டர் சினைப்பை செல், அதாவது ‘சோ’ செல்.

இங்கே ஒரு அழகான தந்திரம் உண்டு. டிஎன்ஏ செய்யச் செல்லுக்குத் தேவைப்படும் டிஎச்எஃப்ஆர் என்ற நொதி இல்லாத சோ செல்லை எடுத்து, நம் மரபணுவோடு அந்த நொதியின் மரபணுவையும் சேர்த்துக் கொடுப்பார்கள். பிறகு அந்த நொதியை முடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்தைப் படிப்படியாகக் கூட்டுவார்கள். பிழைக்க வேண்டுமானால் செல்லிடம் நொதி மரபணுவின் பிரதிகள் பெருகியிருக்க வேண்டும். அப்படிப் பெருகிய செல்லில் பக்கத்தில் இருக்கும் நம் மரபணுவும் கூடவே பெருகியிருக்கும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். நான் முதன்முதலில் செய்யப் போனது செல்லிலிருந்து வெளியே சுரக்கிற ஒரு புரதம். சுத்திகரிப்புக்கு வசதியாக இருக்கட்டும் என்று ஆறு ஹிஸ்டிடின் (ஒரு அமினோ அமிலம்) கொண்ட டேக்கை, அதாவது அடையாள வாலை, அதன் தொடக்கத்தில் வைத்தேன். ஹெக் செல்லில் போட்டு, மூன்றாம் நாள் செல் வளர்ந்த திரவமான மீடியத்தை எடுத்து, ஹிஸ்டிடின் டேக்கில் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியோடு வெஸ்டர்ன் பிளாட் (புரதத்தைப் பட்டையாகக் காட்டும் சோதனை) ஓட்டினால் வெறும் பின்னணி மட்டும். டிரான்ஸ்ஃபெக்‌ஷன் (பிளாஸ்மிடைச் செல்லுக்குள் செலுத்துவது) சரியில்லை என்று அதற்கான ரீஏஜென்ட்டை மாற்றினேன். செல்லைப் புதிதாக வளர்த்தேன். பிளாஸ்மிடை மறுபடி சீக்வென்ஸ் செய்தேன். ஒரு எழுத்துகூடத் தவறவில்லை. இப்படியே இரண்டு மாதம் போனது. கடைசியில் பக்கத்து மேசையில் இருந்தவர் என் பிளாஸ்மிடின் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, “சிக்னல் பெப்டைடு எங்கே இருக்கிறது?” என்று மட்டும் கேட்டார்.

டேக்குக்கு அடுத்துதான் இருந்தது. வெளியே போக வேண்டிய புரதத்தின் தொடக்கத்தில் இருபது சொச்சம் அமினோ அமிலங்கள் முகவரிச் சீட்டு மாதிரி இருக்கும், அதுதான் சிக்னல் பெப்டைடு. புரதம் எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம் என்ற, வெளியே போகும் புரதங்களைத் தயார்செய்யும் அறைக்குள் நுழையும்போது செல் அதை வெட்டி எறிந்துவிடும். நான் டேக்கை அதற்கும் முன்னால் வைத்திருந்தேன். இரண்டும் சேர்ந்தே போய்விட்டன! புரதத்துக்கே உரிய ஆன்டிபாடியை வாங்கி அதே பழைய மீடியத்தைச் சோதித்தால், கொழுகொழு என்று ஒரு பேண்டு. இரண்டு மாதமும் செல் ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது. டேக்கைக் கடைசிக்கு மாற்றினேன், அப்புறம் எந்தத் தொல்லையும் இல்லை.

ஒரு விஷயம், எல்லாவற்றுக்கும் ஹாம்ஸ்டர் செல் வேண்டும் என்று அடம்பிடிக்கத் தேவையில்லை. ஈ.கோலை இருபது நிமிடத்தில் இரட்டிப்பாகும், சோ செல்லுக்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆகும், மீடியமும் விலை அதிகம். சர்க்கரை வேண்டாத சின்னப் புரதம் என்றால் நான் இன்றைக்கும் முதலில் பாக்டீரியாவில்தான் போட்டுப் பார்ப்பேன்.

இரண்டாவது கேள்வி: மாறாது. ஹாம்ஸ்டரின் பல்லாயிரம் மரபணுக்களுக்கு நடுவே நம்முடையது, பிரதிகள் எத்தனை பெருகினாலும், ஒன்றிரண்டு வகைதான். உண்மையில் செல்வாக்கு எதிர்த் திசையில்தான் நடக்கிறது, செல்தான் புரதத்தில் தன் முத்திரையைப் பதிக்கிறது. மனித உடல் சயாலிக் அமிலத்தை இரண்டு விதமான இணைப்பில் ஒட்டும், சோ செல் பொதுவாக ஒரே விதத்தில்தான் ஒட்டும். இதுபோன்ற சர்க்கரை வேறுபாடுகளால், ஊசியில் ஏறிய எரித்ரோபொய்டினும் உடம்பே சுரந்ததும் மின்புலத்தில் ஓடவிட்டால், மின்சுமைக்கேற்ப வெவ்வேறு இடங்களில் போய் நிற்கும். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் ஊக்கமருந்தைப் பிடிக்கக் கொண்டுவந்த சிறுநீர்ச் சோதனை இதை வைத்துத்தான் நடந்தது.